மதிக்கலைன்னா வேலையை விட்டுடலாமா? முதல்ல பேசிக் சம்பளத்தைப் பாருங்க

அமெரிக்க டெக் பாட்காஸ்ட் எதைக் கேட்டாலும் ஒரே அட்வைஸ்தான்: மரியாதை இல்லாத இடத்துல இருக்காதே, ரிசைன் பண்ணு. வீட்டுக்கு வந்தா அப்பா சொல்றது நேர் எதிர்: இருக்கிற வேலையை விட்டுடாதப்பா. இந்த வார எபிசோடுல நேரம் பத்தாம விட்டதை இங்கே எழுதுறேன். என் கருத்து: துபாய்லயும் அபுதாபியிலயும் வேலை பார்க்கிற நமக்கு இந்த ரெண்டு அட்வைஸுமே சரியாப் பொருந்தாது.

அப்பாக்கள் பயம் சும்மா வந்தது இல்லை. யுஏஇ-யில் 40 வருஷத்துக்கும் மேலாக இருந்தது 1980-ன் 8-ஆம் எண் தொழிலாளர் சட்டம். காலவரையறை உள்ள காண்ட்ராக்டில் இருந்தவர் 5 வருஷம் முடியும் முன் தானாக விலகினால் கிராச்சுட்டி கிடையாது. காலவரையறை இல்லாத காண்ட்ராக்டில் 3 வருஷத்துக்குள் போனால் மூன்றில் ஒரு பங்கு, 5 வருஷத்துக்குள் போனால் மூன்றில் இரண்டு பங்கு. இதுக்கு மேல என்ஓசி, லேபர் பேன் தொல்லைகள் வேற. ஊரில் தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன் என்று இருந்த ஒருத்தர் மேனேஜரின் ஏச்சை விழுங்கிக்கிட்டு இருந்ததுக்கு இதெல்லாம் காரணம்.

ஆனா அந்தச் சட்டம் இப்போ இல்லை. 2021-ன் 33-ஆம் எண் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கு. ஒரு வருஷம் முடிச்சிருந்தா, நீங்களே ரிசைன் பண்ணினாலும் கிராச்சுட்டியில் வெட்டு இல்லை. முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் பேசிக் சம்பளம், அதுக்கு மேல வருஷம் 30 நாள். நோட்டீஸ் 30 முதல் 90 நாள். காண்ட்ராக்ட் முடிந்து 14 நாளுக்குள் பாக்கியை செட்டில் பண்ணணும். டிஐஎஃப்சி மாதிரி இடங்களுக்குத் தனிச் சட்டம், அதைத் தனியா பாருங்க. கத்தார் 2020-லயே என்ஓசி-யை எடுத்துடுச்சு. சவுதியும் 2021 மார்ச்சில் வேலை மாறுவதைத் தளர்த்தியது. "போனா எல்லாம் போச்சு" என்ற பேச்சு பழைய சட்டத்தோட போச்சு.

அதுக்காக நாளைக்கே பேப்பர் போடுங்கன்னு சொல்லலை. கலிஃபோர்னியாவில் ஒரு சிட்டிசனுக்கு வேலை போனா சம்பளம் போகும். நமக்கு வேலையோட விசா போகும், அந்த விசாவில் இருக்கிற மனைவி, பிள்ளைகளுக்கும் சிக்கல். ஷார்ஜாவில் பிறந்து இங்கேயே ஸ்கூல் முடிச்ச பையனுக்கும் இதே நிலைமைதான். கல்யாணம் ஆகாத மகனை அப்பா 25 வயசு வரைதான் ஸ்பான்சர் பண்ணலாம்; அப்புறம் பெரும்பாலானவங்களுக்கு வேலைதான் வழி. 2023 ஜனவரியில் வந்த வேலையிழப்பு இன்சூரன்ஸுக்கு மாசம் 5 அல்லது 10 திர்ஹாம் கட்டுறோம். பேசிக்கில் 60 சதவீதம், 3 மாசம் வரை கிடைக்கும். ஆனா தானாக ரிசைன் பண்ணினவருக்கு அதில் ஒரு திர்ஹாம் வராது.

இப்போ என் கதை. நான் காண்ட்ராக்டர். சம்பளம் தருவது ஒரு ஆள் சப்ளை கம்பெனி, உட்கார்ந்து வேலை பார்ப்பது கிளையன்ட் ஆபீஸில். நாலு வருஷமா ஒரு சிஸ்டத்தை நைட் சப்போர்ட்டோட சேர்த்துப் பார்த்துக்கிறேன். போன வருஷம் நான் ட்ரெய்னிங் கொடுத்த ஒருத்தர் பெர்மனென்ட் ஆனார். நான் ரேட் கேட்டப்போ கிளையன்ட் மேனேஜர் "உங்க வெண்டர்கிட்ட பேசுங்க" என்றார். வெண்டர் "கிளையன்ட் ஏத்தினா நாங்களும் ஏத்துறோம்" என்றார். ரிலீஸ் மெயிலில் மட்டும் என் பெயர் வராது. கறிவேப்பிலை மாதிரிதான் நம்ம நிலைமை.

இதில் கோபப்படுவதை விட முக்கியமா ஒண்ணு புரிஞ்சது. என் வேலையைப் பார்க்கிறவர் கையில் என் சம்பளம் இல்லை. சம்பளத்தை முடிவு பண்றவர் என் வேலையைப் பார்த்ததே இல்லை. இந்த அமைப்பில் இன்னும் நல்லா உழைச்சா மதிப்பாங்க என்று காத்திருப்பது வீண். மேனேஜர் மோசமானவரா இருந்தா ஆள் மாறும் வரை காத்திருக்கலாம். கட்டமைப்பே இப்படின்னா யார் வந்தாலும் இதேதான்.

அதனால நான் கிளம்புறேன், ஆனா வரிசையா. முதலில் கையெழுத்தான ஆஃபர் லெட்டர். ரெண்டாவது, என் காண்ட்ராக்டில் போட்டி கம்பெனிக்குப் போகக்கூடாது என்ற ஷரத்து இருக்கான்னு பார்த்தேன். சட்டப்படி அது 2 வருஷத்தைத் தாண்ட முடியாது. மூணாவது, கிரீன் விசா. டிகிரியும் 15,000 திர்ஹாம் சம்பளமும் இருக்கிற திறன்மிகு ஊழியருக்கு 5 வருஷம், கம்பெனி ஸ்பான்சர் இல்லாம. அந்தத் தகுதி வந்துட்டா, அடுத்த தடவை சம்பளம் பேசும்போது விசா பயம் இருக்காது.

நாலாவது, பேசிக். மொத்தச் சம்பளம் 15,000 என்று வைங்க. பேசிக் 6,000 என்றால் 5 வருஷ கிராச்சுட்டி 21,000 திர்ஹாம். அதே 15,000-ல் பேசிக் 9,000 என்றால் 31,500. வித்தியாசம் 10,500. கம்பெனி உங்களை எவ்வளவு மதிக்குதுன்னு அப்ரைசல் மீட்டிங்கில் சொல்ற இனிப்பான வார்த்தையை விட இந்த ஒரு வரி சரியாச் சொல்லும்.

ஆஃபர் கையில் இல்லாம, குடும்பம் உங்க விசாவில் இருந்தா, இன்னும் ஆறு மாசம் இருங்க. அதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை. ஆனா அந்த ஆறு மாசத்துக்கு ஒரு முடிவுத் தேதி போட்டுக்குங்க, மாசம் எத்தனை இன்டர்வியூ என்றும் எழுதி வைங்க. தேதி போடாம "பார்க்கலாம்" என்று இருந்தவங்க பத்து வருஷமா அதே சீட்டில் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீங்க.

உங்க காண்ட்ராக்டில் பேசிக் எவ்வளவு, நோட்டீஸ் எத்தனை நாள்? இன்னைக்கு ராத்திரி எடுத்துப் பாருங்க. அப்பாவையும் பக்கத்துல உட்கார வச்சு புதுச் சட்டத்தைச் சொல்லுங்க, அவருக்கும் கொஞ்சம் நிம்மதி வரும்.