கூரையைப் பார்த்து மார்க் போடாதீர்கள்

லிவர்பூல் நகரத்தில் 'பில்ஹார்மானிக்' என்றொரு பப் இருக்கிறது. 2020-இல் பிரிட்டிஷ் அரசு அதற்கு முதல் தரப் பாரம்பரியக் கட்டடம் என்ற தகுதியை அளித்தது. பக்கிங்ஹாம் அரண்மனைக்கு இருக்கும் அதே தகுதி. அங்கே ஆண்கள் கழிப்பறையில் பதித்திருக்கும் இளஞ்சிவப்புப் பளிங்கைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். லண்டனுக்குப் போனால் 1677-இல் திருப்பிக் கட்டிய 'ஜார்ஜ் இன்', நகரத்தை எரித்த பெருந்தீக்குப் பின் 1667-இல் எழுந்த 'செஷயர் சீஸ்' என்று பட்டியல் நீளும்.

இந்தப் பப்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கூரைக்கும் கண்ணாடிக்கும் மார்க் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். கையில் இருந்த பீர் புளித்துப் போயிருந்ததா, கொடுத்தவர் முகம் கொடுத்துப் பேசினாரா என்பதெல்லாம் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. இது தலைகீழ் மதிப்பீடு. பப்பின் தரம் நிலவறையில் தொடங்கி பார் மேசையில் முடிகிறது. கூரை அதற்குப் பிறகுதான்.

காரணம், அங்கே கைப்பம்பில் இழுத்து ஊற்றும் பாரம்பரிய 'ஏல்' என்ற பீர் வகை பாட்டில் பீர் போன்றதல்ல. பீப்பாய் பப்புக்கு வந்து சேரும்போதும் உள்ளே ஈஸ்ட் உயிரோடிருக்கும், நொதித்தல் நடந்துகொண்டிருக்கும். பீப்பாயைப் படுக்கவைத்து, மேல்துளையில் மென்மையான மரமுளை ஒன்றை அடித்து, மிகையான வாயு கசிந்து வெளியேறக் காத்திருக்க வேண்டும். அடங்கியதும் அதற்குப் பதில் கெட்டி முளையை அடிப்பார்கள். கலங்கலை அடியில் படியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம் (சைவக்காரர்கள் கேட்டுக் குடிப்பது நல்லது). நிலவறை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானால் பீர் கெடும். அதிகம் குளிர்ந்தால் மணம் செத்துவிடும்.

திறந்த பிறகு கணக்கு இன்னும் கறாரானது. பீர் இறங்க இறங்க உள்ளே காற்று புகும். மூன்று நாளைக்குள் பீப்பாய் காலியாக வேண்டும். தாண்டினால் காடி வாடை வரும். வழக்கமான சிறு பீப்பாயில் 72 பைண்ட் (பைண்ட் அங்கே பீர் விற்கும் அளவு). அதாவது ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 பைண்ட் விற்றாக வேண்டும். எட்டு பம்பு வைத்திருக்கும் பப்பில் மாலை ஏழு மணிக்கும் பத்துப் பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த எட்டில் பல பழையவை என்று குடித்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மூன்று பம்பும் நெரிசலும் உள்ள சாதாரணப் பப்பே மேல்.

இந்த வகை பீர் கிட்டத்தட்ட அழிந்தே போயிருக்கும். 1960-களில் பெரிய ஆலைகள் பீரை வடிகட்டி, சூடாக்கி, வாயு அழுத்தத்தில் ஓடவிட்டன. கெடாது, பராமரிப்பு வேண்டாம், சுவையும் கிடையாது. 1971-இல் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் இதை எதிர்த்து 'காம்ரா' என்ற நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் உறுப்பினர்கள் இன்றும் ஊர் ஊராகப் பப்களுக்குப் போய்ப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க் போடுகிறார்கள். மார்க் கட்டடத்துக்கு அல்ல, கையிலிருக்கும் பீருக்கு. அதையொட்டித் தேர்வாகும் பப்கள் ஆண்டுதோறும் கையேடாக வருகின்றன. லண்டன் டிரஃபால்கர் சதுக்கம் அருகே 'ஹார்ப்' என்ற ஒடுக்கமான பப் 2010-க்கான தேசிய விருதை வென்றது. அங்கே அண்ணாந்து பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் இந்த வாதத்தை ஏற்கமாட்டார். 1946-இல் தன் கனவுப் பப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் பீரை அல்ல, சூழலைத்தான் முதலில் வைத்தார். ஆனால் அந்தச் சூழலில் வாடிக்கையாளர்களின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் பணிப்பெண்களும் அடக்கம். அது மரவேலை அல்ல, மனிதர்கள் செய்யும் வேலை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கனவுப் பப்புக்கு அவர் சூட்டிய 'மூன் அண்டர் வாட்டர்' என்ற பெயரைப் பல கிளைகளுக்கு வைத்துக்கொண்டது 'வெதர்ஸ்பூன்' என்ற மலிவு விலைச் சங்கிலி நிறுவனம். ரசனைக்காரர்கள் அதைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார்கள். விற்பனை வேகமாக நடப்பதால் அங்கே பீப்பாய் தேங்க வாய்ப்புக் குறைவு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சேவையை எடைபோட உபசார வார்த்தைகள் தேவையில்லை. பார் மேசையில் வரிசை கிடையாது. யார் முதலில் வந்தார் என்பதை ஊழியரே மனதில் வைத்துக் கொடுக்க வேண்டும். இரவு முழுக்கக் குழாயில் தங்கிய பீரைக் காலையில் கொட்டிவிட வேண்டும். முதல் வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. நுரை மிகுந்தால் கேட்டதும் நிரப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட பீரைத் திருப்பிக் கொடுத்தால் வாதாடாமல் வாங்கி வேறு ஊற்ற வேண்டும். "எல்லாரும் இதைத்தானே குடிக்கிறார்கள்" என்று பதில் வந்தால் கூரையில் தங்கமே பூசியிருந்தாலும் அந்தப் பப் தோற்றது.

யாருக்குச் சேவை என்பதும் கேள்விதான். பர்மிங்காம் அருகே ஸ்மெதிக் ஊருக்கு 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் வந்தபோது, உள்ளூர் இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் அவரை அழைத்துப் போன பப்பின் ஓர் அறையில் அவர்களுக்குப் பரிமாற மறுக்கப்பட்டது. நிறம்தான் காரணம். பொது இடங்களில் இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அதே ஆண்டு வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகள் நடத்தும் 'தேசி பப்'களில் எல்லா நிறத்தவரும் பீரும் மிக்ஸ்ட் கிரில்லுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய பப்களின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்தே பேச வேண்டும்.

பிரிட்டன் போகும் குடிப்பழக்கமுள்ள வாசகர்களே, படம் எடுப்பதற்கு முன் பம்புகளை எண்ணுங்கள், கூட்டத்தைப் பாருங்கள். முதலில் அரை பைண்ட் மட்டும் வாங்குங்கள். சில்லென்று இல்லையே என்று சண்டை போடாதீர்கள்; அது அப்படித்தான். காடி வாடை அடித்தால் மட்டும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். மார்க்கை அதற்குப் பிறகு போடுங்கள்.