பழைய இல்லமும் கட்டடக்கலைஞரும்

தந்தையார் கட்டிய இல்லத்தை மாற்றியமைக்கப் புகுவோர், "மேஸ்திரி இருக்கக் கட்டடக்கலைஞர் எதற்கு? வீண் செலவன்றோ?" என்பர். தரை மாற்றுதற்கும் வெள்ளையடித்தற்கும் மேஸ்திரியே போதும். அதில் எமக்கு ஐயமில்லை. சுவரை இடித்துக் கூடத்தை விரிப்பதோ வேறு. சென்னையின் பழைய மனைகள் பலவற்றில், தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட தளத்தின் பாரம் முழுவதையும் சுவர்களே தாங்குகின்றன. எது பாரஞ்சுமக்கும் சுவர், எது வெறுந்தடுப்பு என்று இடிக்குமுன் ஆராய்ந்து வரைந்து காட்டுவோர் வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றோரே 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பெயர் பூணலாம். ஆயினும் பதிவொன்றே போதாது. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசின், ஈரம் வெளியேறாது உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். இதனை முதிய கொத்தனார் அறிவார்; பட்டம் பெற்ற இளைஞர் சிலர் அறியார். அக்கொத்தனாரை அருகழைத்து வினவும் கலைஞரையே யாம் அமர்த்துவோம். அத்தகையார் கிடைக்குமளவும் எச்சுவரையும் தொடேம்.