இலை மட்டும் வளர்கிறது... பூ எப்போது வரும்?

“கொடைக்கானல் மலையில் நடும் காலிஃப்ளவர் ரகத்தின் விதையை வாங்கி, மார்ச் மாதம் அரை ஏக்கரில் நட்டோம். நகையை அடகு வைத்துச் செலவு செய்தோம். 85 நாள்கள் ஆகியும் இலைதான் வளர்கிறது, பூ வரவில்லை. இன்னும் காத்திருக்கலாமா? நிழல் வலைக்குடில் போட்டால் பூக்குமா?”

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

முதலில் செடியின் நடுக்குருத்தைப் பார்க்க வேண்டும். குருத்தே இல்லையென்றால், புழு தின்றிருக்கும். அந்தச் செடியில் பூ வராது. குருத்து நன்றாக இருந்து, இலை மட்டும் விட்டுக்கொண்டே போனால், காரணம் வெப்பம்தான்.

காலிஃப்ளவரில் ஒவ்வொரு ரகமும் பூக்க ஒவ்வொரு அளவு குளிர் தேவை. பூசா ஸ்னோபால் கே-1 போன்ற பின்பருவ ரகங்களுக்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வேண்டும். பூசா மேக்னா, பூசா தீபாளி போன்ற முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரியிலும் பூக்கும். மலை ரகத்தைச் சமவெளிக் கோடையில் நட்டால், எவ்வளவு உரம் போட்டாலும் இலைதான் மிஞ்சும்.

நிழல் வலை வெயிலைக் குறைக்கும். இரவுக் குளிரைக் கொண்டுவராது. வீட்டுக்குள் தொட்டியில் வைத்தாலும், வெளிச்சம் போதாமல் செடி நெட்டையாக வளர்ந்து சாயும். வலைக்குடில் நாற்று வளர்க்க மட்டும் போதும்.

எனவே, இந்தச் செடிகளுக்காக இனி தண்ணீரும் பணமும் செலவழிக்க வேண்டாம். சமீபத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்காத இலைகளை, வைக்கோலுடன் கலந்து மாடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அதிகம் கொடுத்தால் வயிறு உப்பும். மீதியை மடக்கி உழுதுவிட்டு, 65-70 நாளில் அறுவடைக்கு வரும் உளுந்தை விதைக்கலாம்.

உளுந்து எடுத்த பிறகு, செப்டம்பர் தொடக்கத்தில் முன்பருவ ரகத்தைக் குழித்தட்டில் விதைக்க வேண்டும். 25 நாள் நாற்றை, செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளியில் நட வேண்டும். முற்றிய நாற்றை நட்டால் பொத்தான் அளவுப் பூதான் கிடைக்கும். பூ எலுமிச்சை அளவு வந்ததும், சுற்றியுள்ள இலைகளை மேலே கூட்டிக் கட்டினால், வெயில் படாமல் வெள்ளையாக இருக்கும்.

விதைப் பாக்கெட்டில் உள்ள படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். ‘எந்தப் பருவத்துக்கான ரகம்?’ என்று கேட்டு, அதை ரசீதிலும் எழுதி வாங்குவது நல்லது.