“என்ன மருந்து?” என்று கேட்டார் டாக்டர்

என் அப்பா விஷம் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவரிடம் சொன்னேன், விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் சொன்னேன், பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமும் சொன்னேன். பூச்சிமருந்து வாடையோடு ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் “வீட்டுல என்ன சண்டை?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் காட்டில், பருத்திக்கு மருந்து அடிக்கப் போன கூலியாள் அவர். செடி தோள் உயரம். எதிர்க்காற்று. நனைந்த சட்டையோடு பொழுது சாயும்வரை அடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வாந்தி. வாயில் எச்சில் வடிகிறது. கண்மணி இரண்டும் புள்ளியாய்ச் சுருங்கிவிட்டது.

“என்ன மருந்தும்மா அடிச்சாரு? டப்பா இருந்தா கொண்டா” என்றார் டாக்டர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் அட்ரோபின் போடுவார்கள், கூடவே பிராலிடாக்சைம். பைரித்ராய்டு வகைக்கு அப்படித் தனி முறிவு மருந்து கிடையாது. அறிகுறியைப் பார்த்துத்தான் வைத்தியம். களைக்கொல்லி பாராகுவாட் உடம்புக்குள் போயிருந்தால் முறிவு மருந்தே இல்லை. இத்தனையும் ஒரு பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. கலக்கியது காட்டுக்காரர், இவர் முதுகில் டேங்க்கை மாட்டியதோடு சரி.

காட்டுக்காரருக்குப் போன் போட்டோம். “கடையில மூணு மருந்து குடுத்தாங்க, ஒண்ணாக் கலந்து அடிக்கச் சொன்னாங்க” என்றார். பெயர் சொல்லத் தெரியவில்லை. கடைச் சீட்டைத் தேடி எடுத்தால், ஒன்றுக்கு இரண்டு மூடி, மற்றொன்றுக்கு ஒரு மூடி என்று கிறுக்கியிருந்ததே தவிர, மருந்தின் பெயர் விளங்கவில்லை. டப்பாக்கள் ஓடையில் கிடந்தன, காகிதம் ஊறிப் பிரிந்துபோய். கடைசியில் டாக்டர் அப்பாவின் கண்ணையும் நாடியையும் பார்த்தே முடிவெடுத்து ஊசி போட்டார். பிழைத்தார். இன்று தேநீர் டம்ளரைப் பிடித்தால் பாதி சிந்துகிறது.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971இல் அதற்கான விதிகள். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. எல்லாமே எழுதி வைத்திருக்கிறார்கள்! டப்பாவோடு துண்டுப் பிரசுரம் இருக்க வேண்டும். அதில் விஷ அறிகுறி, முதலுதவி, முறிவு மருந்து, காலி டப்பாவை ஒழிக்கும் விதம் எல்லாம் இருக்க வேண்டும். விற்கிற ஊரின் மொழியிலும் அச்சிட வேண்டும். லேபிள் சாதாரணமாகப் பிரிந்து வராதபடி ஒட்டியிருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமைக்கு ஏற்ற நிறம் வேறு. (பச்சை என்றால் கெடுதல் இல்லாத மருந்து என்று எங்கள் ஊரில் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். முறிவு மருந்தே இல்லாத பாராகுவாட்கூடச் சிவப்பில் இல்லை, அதற்கு அடுத்த மஞ்சளில்தான் வருகிறது.)

இவ்வளவும் யாருக்காக, ஐயா? டப்பாவை வாங்குகிறவர் ஒருவர், அதில் நனைகிறவர் இன்னொருவர். கடையிலிருந்து காட்டுக்காரர் கைக்கு, அங்கிருந்து டிரம்முக்கு. கூலியாளிடம் வரும்போது அது வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீர், அவ்வளவுதான். அப்படியே டப்பா கைக்குக் கிடைத்தாலும், உள்ளங்கை அகலக் காகிதத்தில் மூன்று மொழியை அடைத்த எறும்பெழுத்தை அறுபது வயதுக் கண் எப்படிப் படிக்கும்?

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் இதே பருத்திதான், இதே மாதிரி உயரமான செடிதான். மருந்து அடித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். உறை போடவில்லை, முகமூடி போடவில்லை என்று அவர்கள்மேலேயே பழி வந்தது. புரட்டாசி வெயிலில் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு பழி சொன்னவர்கள் ஒரு ஏக்கர் அடித்துக் காட்டட்டும். அதுவும் இருக்கட்டும். எந்த மருந்துக்கு எந்த உறை என்பதும் அந்த லேபிளில்தானே இருக்கிறது? அதை அவர்களுக்கு யார் காட்டினார்கள்?

மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. கத்திரிக்காய்த் தோட்டத்தில் கைப்பிடியை அடிக்கிறவரின் காதுக்கு அந்த உத்தரவு வந்து சேர்ந்த வழி எது?

ஃபரீதாபாதில் இருக்கிறது மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று இணையத்தில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, பார்த்துவிட்டேன். பக்கம் பக்கமாக ஆங்கிலம், ஹெக்டேர் கணக்கு. எங்களுக்கு ஏக்கரும் சென்ட்டும், டேங்க்குக்கு எத்தனை மூடி என்பதும்தான் கணக்கு. அமெரிக்காவில் அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பதிவான மருந்துகளின் லேபிளை முழுசாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரையோ பதிவு எண்ணையோ தட்டினால் பழைய லேபிள்கள்கூட வருகின்றன. அங்கே படிப்பவர் பெரிய பண்ணைக்காரராக இருக்கலாம். இங்கே அது உயிர்ப் பிரச்சினை.

தம்பியும் இப்போது மருந்து அடிக்கப் போகிறான். டேங்க்கைத் தூக்கும் முன் டப்பாவைக் காட்டச் சொல்லிக் கேள் என்றேன். “கேட்டா நாளைக்கு வேற ஆளக் கூப்பிட்டுக்குவாங்க அக்கா” என்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை. அதனால்தான் அந்த வாரியத்தைக் கேட்கிறேன்: யாரிடமும் கெஞ்சாமல் எடுத்துப் பார்க்கிற இடத்தில் மருந்தின் விவரத்தை வையுங்கள். அங்கீகரித்த லேபிளும் துண்டுப் பிரசுரமும் முழுசாக, தமிழில், பெரிய எழுத்தில். வியாபாரப் பெயரைத் தட்டினாலே வர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முறிவு மருந்தின் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும். ராத்திரி டூட்டி டாக்டருக்கும் அது உடனே திறக்க வேண்டும். பட்டாவும் சிட்டாவும் போனில் வருகிறது. நிலம் இருக்கிறவர்களுக்கு அது வந்துவிட்டது. எங்களுக்கு நிலம் இல்லை; அந்த நிலத்தில் அடிக்கிற நஞ்சின் விவரத்தையாவது கொடுங்கள். பருத்தி பூ எடுக்கப் போகிறது, அதற்குள் கொடுங்கள்.