விலையில் சேராத வேலை

சீன பைக் என்றதும் நம்மில் பலரிடம் தீர்ப்பு தயாராக இருக்கிறது: ஆறு மாதம் ஓடும், அப்புறம் காயலான் கடை. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தத் தீர்ப்பு எடுபடாது. 2000-களின் பிற்பகுதியில் கென்ய அரசு 250 சிசிக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு மதிப்புக் கூட்டு வரியை நீக்கியது. அதுவரை சைக்கிளில் ஆளேற்றிப் பிழைத்த ‘பொடா பொடா’ இளைஞர்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் முதலில் கிடைத்தது சீன வண்டிதான். பஸ் எட்டிப் பார்க்காத கிராமங்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்கும் காய்கறியைச் சந்தைக்கும் கொண்டுசேர்த்த வண்டியை மட்டம் என்று ஒதுக்குவது அநியாயம்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் இன்ஜினுக்கு மூலம் ஒன்றுதான். 1970-களில் ஹோண்டா வளரும் நாடுகளை மனதில் வைத்து சிஜி 125 வண்டியை உருவாக்கியது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவர் கையிலும் இன்ஜின் தாங்க வேண்டும் என்பதற்காக, சிலிண்டர் தலையில் சுழலும் கேம் ஷாஃப்ட்டை விட்டுவிட்டுப் பழைய புஷ்ராட் முறைக்குத் திரும்பினார்கள். அந்த வடிவத்தைச் சீன ஆலைகள் நகலெடுத்துப் பெருக்கின. இன்ஜினில் 156எஃப்எம்ஐ என்று பொறித்திருந்தால், ஏறக்குறைய 56 மி.மீ. துளையும் காற்றுக் குளிரூட்டலும் கொண்ட ஒற்றை சிலிண்டர் 125 சிசி என்று பொருள். டேங்கில் எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், புஷ்ராட் வகையாக இருந்தால் ஒன்றின் பிஸ்டனும் கிளட்ச் பிளேட்டும் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆகவே வாங்கப் போகிறவர் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் இந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும். பிறகு, ஊரிலுள்ள உதிரிபாகக் கடையில் அதற்கு என்னென்ன கிடைக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

கெட்ட பெயருக்குக் காரணம் சீனத் தொழிலாளியின் கைத்திறன் அல்ல. லிஃபான், சோங்ஷென், லான்சின் மூன்றும் சோங்சிங் நகரத்து நிறுவனங்கள். அவற்றில் லான்சின்தான் பிஎம்டபிள்யூவுக்கு சி 400 ஸ்கூட்டரைத் தயாரித்துக் கொடுக்கிறது. நல்ல வண்டி செய்யத் தெரிந்த நகரம் அது. எந்த விலைக்கு இறக்குமதியாளர் பேரம் முடிக்கிறார் என்பதைப் பொறுத்தே பேரிங்கின் எஃகும், செயினின் உறுதியும், வயரின் தடிமனும் அமைகின்றன. விலையை இன்னும் குறைக்க வேண்டுமென்றால் கடைசியில் கை வைக்கப்படுவது பூட்டும் வேலையிலும் சோதனையிலும்தான். பாகங்களாகப் பெட்டியில் வந்திறங்கும் வண்டியைக் கடைக்காரர் அவசரத்தில் பூட்டிக் கொடுக்கிறார். ஆலை முடிக்காமல் விட்ட வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது. மலிவு வண்டியைப் பற்றிப் பேச இதைவிட முக்கியமான விஷயம் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த வேலையைச் செய்து முடித்தால் வண்டி உழைக்கும். வாங்கிய அன்றே ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, தளர்ந்த ஸ்போக்குகளை இறுக்க வேண்டும். ஹேண்டில் பேரிங்கிலும் ஸ்விங் ஆர்ம் அச்சிலும் கிரீஸ் இருக்கிறதா என்று கழற்றிப் பார்ப்பதே நல்லது; பல வண்டிகளில் பெயருக்குத்தான் தடவியிருப்பார்கள். பேட்டரியில் ஆசிட் ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டாமல், மெதுவாக முழு சார்ஜ் ஏற்ற வேண்டும். முதல் 500 கி.மீ.க்குள் ஆயிலை வடித்தால் அதில் உலோகத் துகள் மினுங்கும். இந்த இன்ஜினில் மாற்றக்கூடிய காகித ஃபில்டர் கிடையாது. அதனால் 2,000 கி.மீ.க்கு மேல் ஆயிலை விட்டுவைக்கக் கூடாது. நாளுக்கு 100 கி.மீ. ஓட்டுபவருக்கு அது இருபதே நாள். டேப்பெட் இடைவெளி 0.08 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். லேசான டக் டக் சத்தம் அந்த இன்ஜினுக்கு இயல்பு. சத்தம் பிடிக்கவில்லை என்று இடைவெளியை இறுக்கச் சொன்னால் வால்வு சரியாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும்.

இவற்றில் எதற்கும் பெரிய பட்டறை தேவையில்லை. கென்யாவில் ஜுவா காலி எனப்படும் திறந்தவெளித் தொழிலாளிகளும், ஃபுண்டி என்று அழைக்கப்படும் மெக்கானிக்குகளும் மரத்தடியிலேயே செய்கிறார்கள். சிக்கல், வண்டி யாருடையது என்பதில் இருக்கிறது. பலர் ஓட்டுவது வாடகை வண்டி. அன்றன்றைக்கு உரிமையாளருக்கு ஒரு தொகை கட்டியாக வேண்டும். ஆயில் மாற்றும் காசு ஓட்டுநரின் அன்றைய சாப்பாட்டிலிருந்து போகிறது, அதன் பலனோ வேறொருவர் சொத்தில் சேர்கிறது. இந்த ஏற்பாட்டில் பராமரிப்பு தவறினால் ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரேக் தேய்ந்த வண்டியில் உயிரைப் பணயம் வைப்பவரும் அவர்தானே!

கூடுதல் விலை கொடுத்தாவது பஜாஜ் பாக்ஸரையும், ஓசூரில் தலைமை ஆலை கொண்ட டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸையும் அங்கே பலர் தேர்ந்தெடுப்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். உதிரிபாகம் பக்கத்து ஊரில் கிடைப்பதும், நாளை விற்றால் நல்ல விலை போவதும் அந்தக் கூடுதல் தொகைக்கான பதில். நம் ஊர்த் தயாரிப்பு என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கூடுதல் தொகை கையில் இல்லாதவருக்கு அந்தப் பெருமையால் என்ன பயன்?

அவருக்காகச் செய்ய வேண்டியது மலிவு வண்டியைத் தடுப்பதல்ல. பெட்டியைப் பிரித்துப் பூட்டுவதற்கும் முதல் சர்வீசுக்கும் இறக்குமதியாளரைச் சட்டப்படி பொறுப்பாக்க வேண்டும். வாடகை வண்டியின் ஆயிலும் பிரேக்கும் உரிமையாளர் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பிரேக் ஷூ, டயர், செயின், ஸ்போக் ஆகிய நான்கையாவது கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலேயே மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும்.