எச்சிலுக்கு எந்தத் தெரு?

"எச்சி கழுவத்தான் ஆறு மாசம் படிச்சீங்களா அக்கா?"

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நம் தம்பி ஒருவன் கேட்டான். கேலியில்லை, அக்கறைதான். எம்.ஏ. படித்தவன். அம்பேத்கரைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசுவான். "இழிதொழில விட்டுட்டு வாங்கன்னு அவரு சொன்னாரு. நீங்க முந்திரிக்கொட்டய விட்டுட்டு எச்சிக் கிண்ணத்துக்குப் போறீங்களே" என்றான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அவனுக்கு மட்டுமல்ல, எனக்கு வேலை கொடுத்த டாக்டருக்கும் சேர்த்து.

நான் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் சேரிக்காரி. பதினைந்து வருசம் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டை எண்ணெய் பட்டால் தோல் கறுத்து உரியும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்போம். ராத்திரி சோறு பிசையும்போது கை எரியும். என் தாத்தா, சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளியில் படித்தவர். எழுத்து தெரிந்தவள் எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பார். நான் பிளஸ் டூ முடித்தேன். எழுத்து இருந்தது, கை கொட்டையில் கிடந்தது. முப்பத்தி நாலு வயசில் குழுவில் கடன் வாங்கி 18,000 ரூபாய் கட்டி, கடலூரில் ஒரு தனியார் நிலையத்தில் பல் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

என்ன படித்தேன் என்று தம்பிக்குத் தெரியுமா? வாயை நான்காகப் பிரித்து ஒவ்வொரு பல்லுக்கும் எண் உண்டு. டாக்டர் "நாப்பத்தி ஆறு" என்றால் கீழ்த்தாடையில், வலது பக்கத்து முதல் கடைவாய்ப்பல். எந்தப் பல்லுக்கு எந்தக் குறடு என்று கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்ட வேண்டும். சாமான்களை முதலில் கழுவ வேண்டும், பிறகு ஆட்டோகிளேவில் 121 டிகிரி சூட்டில், 15 பவுண்டு அழுத்தத்தில் வைக்க வேண்டும். கழுவாமல் வைத்தால் ஒட்டிய ரத்தத்துக்கு அடியில் கிருமி பிழைத்துக்கொள்ளும். குத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடக் கூடாது. போட்டால் உன் விரலில் ஏறும், மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் கலக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இன்றைக்கு ஒன்று, ஒரு மாசம் கழித்து ஒன்று, ஆறாம் மாசம் ஒன்று. "எங்களுக்கு எப்ப சார் போடுவீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் டாக்டருங்களுக்கும்மா" என்றார்கள். எங்கள் கை மட்டும் ரத்தத்தில் படாதா?

பயிற்சி முடிந்து ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். இரண்டாம் வாரம் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி. அவர் வாய்க்குள் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். அவர் எச்சில், அவர் ரத்தம், அவர் பல்லின் தூள் எல்லாம் என் கைவழியாகத்தான் போனது. அப்போது ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டும். நாற்காலியிலேயே குழாய் உண்டு. பொத்தானை அழுத்தினால் பேப்பர் கப்பில் தானாக நிரம்பும். அழுத்தினேன். அப்போதுதான் கேட்டார்.

"எந்த ஊரு பாப்பா?"

சொன்னேன்.

"ஊர்ல எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. கப்பைத் தொடாமல் எழுந்துபோய்க் கைகழுவும் தொட்டியில் கொப்பளித்தார். நான் தண்ணீரை ஊற்றக்கூட இல்லை. குழாய்தான் ஊற்றியது. பொத்தான் வழியாகவும் தீட்டு போகுமென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். டீக்கடையில் இரட்டைக் குவளை ஒழிந்துபோச்சு, பேப்பர் கப் வந்துடுச்சு என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதம்மா. ஆளுங்க அப்பிடித்தான். நீ உள்ள சாமான் கழுவு. நாற்காலிகிட்ட வேற பொண்ணு நிக்கட்டும்."

"சரிங்க சார். ஆனா நான் கழுவுன கொறடுதான சார் நாளைக்கு அவரு வாயில போவும்?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. சாதிக்கும் பதில் கிடையாது. கண்ணுக்கு முன்னால் நிற்கிற கைதான் அதற்குத் தீட்டு. சுவருக்குப் பின்னால் கழுவுகிற கை அதற்கு வசதி.

பேஷ்வாக்கள் ஆண்ட புனாவில் தீண்டப்படாதவன் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அவன் எச்சில் மண்ணில் விழுந்தால் சாதி இந்து மிதித்துத் தீட்டாகிவிடுவான் என்பதற்காக. 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதை எழுதினார். அன்றைக்கு நம் எச்சிலை நாமே சுமந்தோம். இன்றைக்கு அவர்கள் எச்சிலை நாம் அள்ளுகிறோம். நம் எச்சில் அவர்களைத் தீட்டாக்கும், அவர்கள் எச்சில் நமக்குக் கூலி. இது என்ன கணக்கு?

இப்போது தம்பிக்கு வருகிறேன். அதே எச்சிலுக்குள் டாக்டரும் விரலை விடுகிறார். அவரை யாராவது இழிதொழில்காரர் என்கிறார்களா? அப்படியானால் இழிவு எச்சிலில் இல்லை. அம்பேத்கர் விடச் சொன்னது பிறப்பால் கட்டிப்போட்ட வேலையை, விலக முடியாத வேலையை, கூலிக்குப் பதில் மிச்சச் சோறு போட்ட வேலையை. கற்றுக்கொண்டு செய்கிற தொழிலை அவர் எப்போது விடச் சொன்னார்?

பல் பிடுங்குவது ஒரு காலத்தில் நாவிதர் கைவேலை. ஐரோப்பாவிலும் அப்படித்தான். நம் ஊர்களில் பிரசவம் பார்த்ததும் தொப்புள்கொடி அறுத்ததும் நாவிதர் வீட்டுப் பெண்களும் சேரிப் பெண்களும். அப்போது அது தீட்டு. கல்லூரிக்குள் போய்ப் பட்டமாகத் திரும்பி வந்ததும் அது மருத்துவம். பட்டத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், தீட்டை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டார்கள்.

சட்டமும் அதே வழியில்தான் போனது. 1948-இல் வந்த பல் மருத்துவர் சட்டம் டாக்டருக்குப் பதிவேடு வைத்தது. பல் சுத்தம் செய்கிறவருக்கு வைத்தது, பல் செட் செய்கிறவருக்கும் வைத்தது. நாற்காலி பக்கத்தில் நிற்கிற உதவியாளருக்கு மட்டும் அது பதிவேடு வைக்கவில்லை. பெயரில்லாதவளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் 1885-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டாக்டர் எட்மண்ட் கெல்ஸ் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்தார். பெண்துணை இருந்ததால் வீட்டுப் பெண்கள் தயங்காமல் பல் காட்ட வந்தார்கள், டாக்டருக்கு வருமானம் கூடியது. 1924-இல் ஜூலியட் சதர்ட் என்ற உதவியாளர் முன்னின்று தங்களுக்கென்று சங்கம் கட்டினார். நாம் ஏன் கட்டவில்லை? நாம்தான் இதை எச்சில் வேலை என்று சொல்லி ஒதுங்கிவிட்டோமே!

அண்ணாமலை நகரில் 1980-இல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி, கட்டணக் கொள்ளையை எதிர்த்து மாணவர்கள் நாள்கணக்கில் போராடிய பிறகு, 2021-இல் அரசின் சுகாதாரத் துறைக்குக் கீழே வந்தது. நல்லது. அங்கே டாக்டர் சீட்டுக்கு இடஒதுக்கீடு கேட்போம், விடமாட்டோம். ஆனால் தெருமுனை கிளினிக்கில் இடஒதுக்கீடு கிடையாது. எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும் மாணவர்கள் கை பழகுவது ஏழை வாய்களில்தான். நம் வாயில் பழகி அவர்கள் டாக்டர் ஆகலாம். நம் கை பழக மட்டும் கடன் வாங்கிக் காசு கட்ட வேண்டுமா? கூலிக்காரப் பெண்கள் காசில்லாமல் படிக்க அரசுக் கல்லூரிகளில் இடம் வேண்டும். அரசு முத்திரை போட்ட சான்றிதழ் வேண்டும். முதல் ஊசியைத் தொடும் முன்னால் தடுப்பூசி வேண்டும். நாற்காலியா தொட்டியா என்பதைத் தெருவை வைத்து அல்ல, முறைவைத்துப் பிரிக்க வேண்டும்.

நான் இன்னும் அந்தக் கிளினிக்கில்தான் இருக்கிறேன். கடன் இருக்கிறது. உள்ளேதான் கழுவுகிறேன். ஆனால் ஆட்டோகிளேவ் முள் எத்தனையில் நிற்க வேண்டுமென்று நாற்காலி பக்கத்துப் பெண் என்னிடம்தான் வந்து கேட்கிறாள்.

தம்பி, அடுத்த முறை உனக்குப் பல் வலித்தால் கிளினிக்கில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேள். உள்ளே கழுவுகிறவருக்குத் தடுப்பூசி போட்டீர்களா என்று டாக்டரைக் கேள். மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறாயே, இது அரை நிமிசம்தான் ஆகும்.