சுவர் இருந்தால்தான் டிவி!

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் அடுத்து வரும் ஆசை ஒன்று உண்டு. ஹாலில் இருக்கும் எல்இடி டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்து, பெரிய திரையில் படம் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பாடம் படிக்க வேண்டும். ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் இருந்தால் ஐந்து நிமிட வேலைதான். அதற்கு முன் டிவியைச் சுவரில் மாட்டிவிடலாமே என்று தோன்றும். யூபிஎஸ், ஆன்ட்டி வைரஸ் என்று கம்ப்யூட்டருக்குப் பத்து கேள்வி கேட்கும் நாம், இந்த விஷயத்தில் மட்டும் எதுவும் கேட்பதில்லை. டிரில்லிங் மெஷினோடு ஒருவர் வருகிறார். நான்கு ஓட்டை போடுகிறார். இருபது நிமிடத்தில் போய்விடுகிறார்.

காரைக்காலில் என் பெரியம்மா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. தாத்தா காலத்து வீடு. "பழைய சுவராச்சே தம்பி, தாங்குமா?" என்று பெரியம்மா கேட்டார். "நூறு டிவி மாட்டியிருக்கேன்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் வந்தவர். ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறியது. ஒருநாள் விடியற்காலையில் 43 இஞ்ச் டிவி, பிராக்கெட்டோடு ஒரு முறம் அளவு காரையையும் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தது. பேரன் தினமும் பாய் போட்டுப் படுக்கும் இடம் அது. அன்று அவன் உள் அறையில் தூங்கியதால் தப்பித்தான். டிவி போனால் போகட்டும் என்று அன்று எல்லோருமே சொன்னோம்.

மாட்டியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான்கு ஸ்க்ரூவும் கடைசிவரை பிராக்கெட்டை விடவில்லை. சுவர்தான் ஸ்க்ரூவை விட்டுவிட்டது. எனவே என் கருத்து இதுதான்: டிவி மாட்டுவதில் முதல் முடிவு சுவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். நல்ல சுவர் இல்லை என்றால் டிவி மேஜையிலேயே இருக்கட்டும். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

எந்தச் சுவர் தாங்கும்?

1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த ஊர் காரைக்கால். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஊர்ப் பெயரில் உள்ள காரையே சுண்ணாம்புக் கலவைதான் என்று ஒரு விளக்கமும் சொல்வார்கள். இந்தச் சுவர்கள் தடிமனானவை, கூரையை நன்றாகத் தாங்குபவை. ஆனால் மேல்பூச்சு பல இடங்களில் ஒரு அங்குலத்துக்கும் மேல் இருக்கும். கூடவே வரும் இரண்டு அங்குல ஸ்க்ரூவில் பாதி இந்தப் பூச்சிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி மட்டும்தான் செங்கல்லைப் பிடிக்கும். அது செங்கல்லில் படாமல் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சுண்ணாம்பில் இறங்கினால் அந்தப் பிடியும் இல்லை.

புது வீடு என்றால் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். வீட்டின் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலம். உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் நாலரை அங்குலம். இப்போது ஹாலோ பிளாக்கும், எடை குறைந்த ஏஏசி கல்லும் வந்துவிட்டன. செங்கல்லுக்கான சாதாரண பிளக் இவற்றில் சரியாகப் பிடிக்காது. அவற்றுக்கென்றே தனி பிளக்குகள் உண்டு.

சுவரைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பிராக்கெட் மறைக்கப் போகும் இடத்தில் முதலில் ஒரே ஒரு ஓட்டை போடச் சொல்லுங்கள். வரும் தூளைப் பாருங்கள். முதலில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ வந்து, பிறகு சிவப்பாக மாறி, டிரில் மெதுவாக இறங்கினால் செங்கல் கிடைத்துவிட்டது. வெள்ளைத் தூளே தொடர்ந்து கொட்டினாலோ, ஈரமாக ஒட்டினாலோ, டிரில் திடீரென்று உள்ளே ஓடினாலோ அந்த இடம் வேண்டாம். பழைய செங்கல்லில் ஹேமர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் துளையிடுவது நல்லது. இல்லாவிட்டால் கல் உள்ளேயே நொறுங்கிவிடும்.

பிளக் என்றதும் ஒரு சின்னச் செய்தி. ராவல் பிளக் என்று நாம் சொல்வது ஜான் ராலிங்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 1911-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கண்டுபிடிப்பு. அவருடைய முதல் பிளக் சணல் நாரால் ஆனது. ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து சுவரை நெருக்கும், அதுதான் பிடி. 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட்தான் போட வேண்டும். ஓட்டை பெரிதாகிவிட்டது என்று தீக்குச்சியும் மரச்சக்கையும் திணிப்பவர்களை உடனே நிறுத்துங்கள். மழைக்காலத்தில் ஊறி வெயில் காலத்தில் சுருங்கும் மரம் எதையும் பிடிக்காது.

காரைக்காலுக்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. கடற்கரை நடந்து போகும் தூரம்தான். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வீட்டில் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். அது சுவருக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்கிக் கொடுங்கள். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய டிவிக்கு இது பெரிய செலவே இல்லை. ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் பிராக்கெட்டை லேசாக அசைத்துப் பாருங்கள்.

கையுள்ள பிராக்கெட் தேவையா?

முன்னால் இழுத்துத் திருப்பும் பிராக்கெட்டில் பலருக்கு ஆசை. ஒரு கணக்குப் போடுவோம். டிவி 10 கிலோ. பிராக்கெட்டின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி 15 செ.மீ. டிவி சுவரை ஒட்டி 5 செ.மீ. தூரத்தில் இருந்தால், மேல் ஸ்க்ரூக்களை வெளியே பிடுங்கும் விசை சுமார் 3.3 கிலோ. அதே டிவியை 40 செ.மீ. முன்னால் இழுத்தால் அது கிட்டத்தட்ட 27 கிலோ. எடை மாறவில்லை, பிடுங்கும் விசை மட்டும் எட்டு மடங்கு ஆகிவிட்டது. ஆகவே பழைய வீட்டில் கையுள்ள பிராக்கெட் வேண்டவே வேண்டாம்.

கம்ப்யூட்டர் இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சுவரை ஒட்டிய பிராக்கெட் போட்டால் பின்பக்கப் போர்ட்டில் கேபிள் செருக இடம் இருக்காது. மாட்டுவதற்கு முன்பே ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகித் தளர்வாக விடுங்கள். டிவியின் பின்னால் உள்ள ஓட்டைகளுக்கு வீசா என்ற அளவு முறை உண்டு. மானிட்டர்களில் 75 அல்லது 100 மி.மீ. சதுரம், எம்4 ஸ்க்ரூ. பெரிய டிவிகளில் 200 மி.மீ. அல்லது அதற்கு மேல், ஸ்க்ரூவும் தடிமனாகும். மேனுவலில் சொன்ன நீளத்துக்கு மேல் போட்டால் ஸ்க்ரூ உள்ளே உள்ள போர்டைக் குத்தும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் துளையிடாதீர்கள். சுவருக்குள் 230 வோல்ட் ஒயர் ஓடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

"மேஜையில் வைத்தால் குழந்தை இழுத்துத் தள்ளிவிடுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் டிவியும் அலமாரியும் குழந்தைகள் மேல் சாய்ந்து உயிர்ப்பலி நேர்ந்ததால்தான், 2015-ல் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அவற்றைச் சுவரோடு பிணைத்து வைக்கச் சொல்லிப் பிரசாரமே தொடங்கியது. தாழ்வான, அகலமான மேஜையில் டிவியை உள்தள்ளி வையுங்கள். பின்பக்க ஓட்டைகளில் உறுதியான நாடாவைப் பிணைத்து மேஜையோடு கட்டுங்கள். மேஜை அசைவதாக இருந்தால் அதையும் சுவரோடு பிணையுங்கள். டிவியின் எடை மேஜையில் இருப்பதால், சுவருக்கு அது சாயாமல் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

பெரியம்மா வீட்டில் இப்போது டிவி மேஜைமேல்தான் இருக்கிறது. பேரனின் பாய் எதிர்ச்சுவர் ஓரத்துக்கு மாறிவிட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். அடுத்த முறை டிரில்லிங் மெஷினோடு ஒருவர் வந்தால், டிவி எத்தனை இஞ்ச் என்று சொல்வதற்கு முன், சுவரைத் தட்டிக் காட்டி "இது என்ன சுவர் தெரியுமா?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.